செயலாளர் வீட்டு வாசல் கம்பம்

எங்கள் செந்தூரம் நகரில் எல்லாத் தெருவிலும் விளக்கு எரியும். நாலாவது குறுக்குத் தெருக் கோடியில் மட்டும் எரியாது. கம்பம் உண்டு, கம்பி உண்டு, விளக்குதான் கிடையாது. ஏன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அங்கேதான் குடியிருந்தார்.

அவருக்கு நேர் எதிர்வீடு என்னுடையது. ஆகவே அந்த இருட்டில் பாதி எனக்கும் பாத்தியம். என் பெயர் சரோஜா. சத்துணவு அமைப்பாளராக இருந்து ரிட்டையர் ஆனவள். நூறு பிள்ளைகளுக்கு நடுவில் கத்திக் கத்தியே என் தொண்டை பழகிவிட்டது. மெதுவாகப் பேசு என்று என் வீட்டுக்காரர் முருகையன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர், அவருக்கு அதைச் சொல்ல என்ன யோக்கியதை?

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் நகர். மனை போட்டு விற்றவர் வாசலில் ஒரு வளைவு கட்டிப் பெயின்ட் அடித்துவிட்டு, அதோடு ஆளைக் காணோம். தண்ணீர், சாக்கடை, ரோடு எல்லாம் உங்கள் பாடு என்று விட்டுப் போனார். அப்புறம் என்ன செய்வது, எல்லோரும் சேர்ந்து சங்கம் வைத்தோம். போர் போட்டோம், தொட்டி கட்டினோம். செயலாளர் யார் என்று வந்தபோது ஆம்பிளைகள் அத்தனை பேருக்கும் திடீரென்று டியூட்டி வந்துவிட்டது, பிரஷர் வந்துவிட்டது, மாமியார் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர் குலாம் ரசூல் பாய் ஒருவர்தான். பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

பாய் டவுனில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று இங்கே வீடு கட்டி வந்தார். பைப்பு, வால்வு, மோட்டார் எல்லாம் அவருக்குத் தெரியும் என்பது தெரிந்ததும் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் பாயைக் கூப்பிட்டார்கள். பிள்ளையார் கோயிலுக்குக் குழாய் இழுத்துக் கொடுத்ததும் அவர்தான். செயலாளர் ஆனதும் மோட்டார் ரூம் சாவி, வால்வு சாவி, சங்க அறைச் சாவி எல்லாம் அவர் இடுப்பில் ஏறின. காலையில் தொழுகை முடித்ததும் அந்தக் கொத்து குலுங்க அவர் தெருவில் நடந்து போகிற சத்தம் கேட்டுத்தான் நான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

நல்ல மனுஷர். ஆனால் அவரிடம் ஒரு கிறுக்கு இருந்தது. எதுவானாலும் தன் வீட்டுக்குக் கடைசியில்தான். தண்ணீர் எல்லாத் தெருவுக்கும் விட்டு முடித்து, தொட்டியில் அடி தெரியும்போதுதான் எங்கள் தெருவுக்கு வால்வு திறப்பார். சரளை அடித்தார்கள், எங்கள் தெருவுக்கு வரும்போது சரளை தீர்ந்துவிட்டது. கொசுப்புகை வண்டி வந்தது, எங்கள் தெரு முனையில் திரும்பும்போது புகை தீர்ந்துவிட்டது. ஏன் பாய் இப்படி என்றால், "செயலாளர் தன் வூட்டுக்கு மொதல்ல பண்ணிக்கினான்னு ஒரு பேச்சு வரக் கூடாதும்மா" என்பார். பேச்சு வந்தால் வரட்டுமே, எங்களுக்குத் தண்ணீராவது வந்திருக்கும்.

சங்கம் வருஷா வருஷம் நாலைந்து விளக்கு வாங்கும். பாய் அதைத் தெருத் தெருவாகக் கொடுத்துக்கொண்டே போவார். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் வந்து நிற்பார், எங்க பக்கம் பாம்பு வருது, எங்க வீட்டுப் பொண்ணு டியூஷன் போயிட்டு வருது என்று. அவர்களுக்குப் போய்விடும். எங்கள் கம்பம் மொட்டையாகவே நிற்கும்.

இதில் என்னைவிட ஜாஸ்தி அவதிப்பட்டவர் பாய் வீட்டம்மா, ரஹமத்துன்னிசா அக்கா. எனக்காவது கண் நன்றாகத் தெரியும். அக்காவுக்குச் சர்க்கரை, பொழுது சாய்ந்தால் பார்வை மங்கல். பாய் சாயங்கால மக்ரிபுத் தொழுகைக்குப் போய்விட்டு வரும் நேரத்துக்கு அக்கா செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு கேட்டருகில் நிற்பார். நானும் என் கேட்டுக்கு வருவேன். நடுவில் தெரு. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா. எங்களுக்கு அதுதான் பேசுகிற நேரம். அக்கா சிரித்தால் தெரு முனை வரை கேட்கும்.

"சரோஜா, உங்க செயலாளர் கிட்ட ஒரு கம்ப்ளெயின்ட் குடுக்கணும். யார்கிட்ட குடுக்கறது?" என்று என்னைக் கேட்பார், பாய் வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கும்போதே.

"இன்னா கம்ப்ளெயின்ட் அக்கா?"

"வாசல்ல லைட்டு இல்ல. மலை மேல ஏத்தற தீபம் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் தெரியுது. எங்க வூட்டுக்காரர் போடற லைட்டு எங்க வாசலுக்கே தெரியல."

பாய் சிரித்துக்கொண்டே உள்ளே போவார். "வர்ற வருஷம் பாத்துக்கலாம் ரஹமத்து" என்பார். எத்தனை வர்ற வருஷம் வந்தது, போனது! அக்கா ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. நான்தான் இருவருக்கும் சேர்த்துக் கோபித்துக்கொள்வேன்.

போன சித்திரையில் ஒருநாள் காலையில் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் பாய் ஒரு செய்தி போட்டிருந்தார். 'இன்று தண்ணீர் சற்றுத் தாமதமாக வரும். சிரமத்துக்கு வருந்துகிறோம். செயலாளர்.' அவ்வளவுதான். பத்துப் பதினைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். முதல் தெருக்காரர் ஒருவர், 'அடிக்கடி இப்படித் தாமதமானால் எப்படி? ஆபீஸ் போக வேண்டாமா?' என்று கேட்டிருந்தார். அதற்கும் பாய், 'இனி பார்த்துக்கொள்கிறோம் சார்' என்று பதில் போட்டிருந்தார்.

நான் எதிர்வீட்டுக்காரி, எனக்கே தெரியாது. விடிவதற்கு முன்னால் ஆட்டோ வைத்து அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஹார்ட் அட்டாக். வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு அந்தச் செய்தியைப் போட்டிருக்கிறார். தாமதமானால் எப்படி என்று அந்த மகராசன் கேட்டபோது அக்கா உயிரோடு இல்லை. வாணியம்பாடியிலிருந்து மகள் மெஹ்ஜபீன் அழுதுகொண்டே எனக்குப் போன் பண்ணித்தான் விஷயம் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த முதல் தெருக்காரர் வீட்டு வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். என் வீட்டுக்காரர் கேட்டைப் பூட்டிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே கபரஸ்தானில் அடக்கம் ஆனது. வந்தவர்களுக்குச் சங்கத்து நாற்காலிகளை எடுத்துப் போட்டது பாய். நாங்கள் தடுத்தால் கையைத் தள்ளிவிட்டுப் போட்டார். சொட்டுக் கண்ணீர் இல்லை. அடக்கம் முடிந்து திரும்பி வந்ததும் அதே நாற்காலிகளைத் துடைத்து அடுக்கிவைத்தார். மறுநாள் காலையில் சாவிக் கொத்துச் சத்தம் எப்போதும் போல என் வாசலைத் தாண்டிப் போனது. நான் அடுப்பைப் பற்றவைக்காமல் அப்படியே நின்றேன்.

அதற்கப்புறம் அவர் அப்படித்தான் ஆகிவிட்டார். சாப்டீங்களா பாய் என்றால் "ஆச்சு." தூங்கினீங்களா என்றால் "ஆச்சு." மெஹ்ஜபீன் போன் பண்ணாளா என்றால் அதற்கும் "ஆச்சு." முகத்தில் துக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒன்றுமே இல்லை. மரத்துப்போன கால் மாதிரி, ஊசியால் குத்தினாலும் தெரியாது போல இருந்தார். தட்டில் இட்லி வைத்துக் கொடுத்தால் சாப்பிடுவார். கொடுக்காவிட்டால் கேட்கமாட்டார்.

வீட்டுக்குள் இருக்கவே மாட்டார். மோட்டார் ரூமில் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து மோட்டார் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது சாக்கடை அடைத்துக்கொண்டது என்று கூப்பிட்டால் உடனே எழுந்து போவார். கூப்பிடாத நாளில் அவராகவே ஒவ்வொரு தெருவாகப் போய் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். மகள் வந்து அழைத்தாள். அழுதாள், சண்டை போட்டாள். "அப்பா, எங்களோட வந்து இருங்க, இங்க தனியா இன்னா பண்றீங்க?" என்றாள். "சங்கத்துக்கு ஆள் வேணும்ல" என்றார். வேறு ஒரு காரணமும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

அன்றைக்கே எனக்குப் புரிந்துபோயிற்று. அவரைப் பிடித்து நிறுத்தி வைத்திருப்பது அந்தச் சாவிக் கொத்துதான். அதை இடுப்பிலிருந்து எடுத்தால் மனுஷர் அப்படியே விழுந்துவிடுவார். இதை மெஹ்ஜபீனிடமும் சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, "அப்ப இருக்கட்டும் ஆன்ட்டி, நீங்க பாத்துக்கங்க" என்றாள்.

எங்கள் ஆண்டுக் கூட்டம் கார்த்திகைத் தீபத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கும். தீபத்துக்கு முன்னால் வைக்க முடியாது. போலீஸ் ரோட்டை அடைத்துவிடும், வெளியூர்க் கார்கள் நகருக்குள் புகுந்து நம் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டு மலை சுற்றப் போய்விடும். வளைவில் கயிறு கட்டி, விசிலோடு நாற்காலி போட்டு உட்காருவது பாய்தான். இந்த வருஷமும் உட்கார்ந்தார். மழை பிடித்தது. மற்றவர்கள் ஓடி ஒதுங்கினார்கள். அவர் ஒதுங்கவில்லை. மழை வருகிறது என்பதே அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை. நான்தான் குடையைக் கொண்டுபோய்ப் பிடித்து இழுத்து வந்தேன்.

கூட்டத்தில் ஒரு சடங்கு உண்டு. நாய்த் தொல்லை, தென்னை மட்டை அடுத்த வீட்டில் விழுவது, செப்டிக் டேங்க் தண்ணீரைத் தெருவில் விடுவது என்று எல்லாச் சண்டையும் போட்டு முடித்த பிறகு பாய் எழுந்திருப்பார். "எனக்கும் வயசாயிடுச்சு, இளைஞர்கள் யாராவது இந்தப் பொறுப்ப எடுத்துக்கணும்னு கேட்டுக்கறேன்" என்பார். உடனே எல்லோரும், "அதெல்லாம் முடியாது பாய், நீங்கதான் இருக்கணும்" என்று கூச்சல் போடுவோம். பெரிய கூச்சல் என்னுடையது. பாய் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, இந்த ஒரு வருஷம்" என்பார். கைதட்டல். டீ, மிக்சர். வருஷா வருஷம் வார்த்தை பிசகாமல் இதுதான். அந்தக் கூச்சல்தான் அவருக்கு நாங்கள் கொடுக்கிற சம்பளம்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது சங்கத் தலைவர் அறிவுச்செல்வன் என் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்தவர், கூட்டத்தில் மைக் பிடிப்பது மட்டும்தான் தலைவர் வேலை. கூடவே இரண்டாவது தெரு இளஞ்செழியன். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன், தங்கமான குணம்.

"பாய் ரொம்ப ஒடஞ்சி போயிட்டாரும்மா. இந்த வருஷம் அவர விட்டுடலாம்னு எல்லாரும் பேசிக்கினோம். செழியன் பாத்துக்கறேன்றான். பாய்க்கு ஒரு ஷீல்டு, சால்வை போட்டு கௌரவமா அனுப்பிடலாம்" என்றார் அறிவுச்செல்வன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவர கேட்டீங்களா?"

"அவரே வருஷா வருஷம் கேக்கறாரேம்மா. நாமதான் காது குடுக்கல."

"சார், பந்தியில போதும் போதும்னு எலை மேல கைய வெச்சா, பரிமாறறவன் அப்படியே போயிடுவானா? அது சும்மா சொல்றது சார்! அந்த வேலையும் இல்லன்னா அவர் வூட்ல உக்காந்து செவுத்த பாத்துகினு இருப்பாரு. அவருக்கு வேற இன்னா இருக்கு?"

"ரெஸ்ட் இருக்குல்ல மேடம்" என்றான் இளஞ்செழியன். நிஜமான கரிசனத்தோடுதான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்ட எண்ணம் இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம். இவர்களை என்ன செய்வது?

அவர்கள் போனதும் நேராக மோட்டார் ரூமுக்குப் போனேன். பாய் டப்பா மேல் உட்கார்ந்திருந்தார்.

"பாய், ஞாயித்துக்கெழம அந்த வசனத்த சொல்லாதீங்க."

"எந்த வசனம்மா?"

"வயசாயிடுச்சு, இளைஞர்கள் வரணும்னு சொல்லுவீங்களே, அதுதான். இந்த வருஷம் சொன்னா நெஜமாவே எடுத்துக்குவாங்க. உங்களுக்கு விடணும்னு இருந்தா சொல்லுங்க. இல்லன்னா வாய தொறக்காதீங்க. விடணும்னு இருக்கா?"

மோட்டாரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "காலையில எழுந்தா எங்கனா போவணும்ல சரோஜாம்மா" என்றார். அக்கா போன பிறகு அவர் வாயிலிருந்து வந்த நீளமான பேச்சு அதுதான்.

"அப்ப சொல்லாதீங்க."

"சரிம்மா."

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயில் பக்கத்துக் காலி மனையில் ஷாமியானா போட்டு, நாற்காலி போட்டுக் கூட்டம் கூடியது. நாற்காலிகளைப் போட்டது பாய்தான். நாய்ச் சண்டை முடிந்தது, மட்டைச் சண்டை முடிந்தது. பாய் ஆண்டறிக்கையை வாசித்தார். எங்கே எந்த மூடி மாற்றியது, எந்த வால்வு பழுதானது என்று ஒரே குரலில் வாசித்துக்கொண்டே போனார். முடித்துவிட்டுத் தாளை மடித்தார். உட்காருங்க, உட்காருங்க என்று நான் மனசுக்குள் அடித்துக்கொண்டேன்.

அவர் நின்றுகொண்டே இருந்தார். அறிக்கை முடிந்ததும் வழக்கமாக எது வருமோ அது தானாக வந்தது. "எனக்கும் வயசாயிடுச்சு, இளைஞர்கள் யாராவது இந்தப் பொறுப்ப எடுத்துக்கணும்னு கேட்டுக்கறேன்."

சொல்லிவிட்டு எப்போதும் போலத் தலையைக் குனிந்துகொண்டார். கூச்சல் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாய் தலை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்குத் தான் சொன்னது உறைத்திருக்க வேண்டும். என்னைத் தேடினார்.

"பாயோட ஆசைய இந்த வருஷமாவது நாம மதிக்கணும்" என்று அறிவுச்செல்வன் மைக்கில் ஆரம்பித்தார். நான் எழுந்து நின்றேன். "யாரும் மதிக்க வேணாம்! அவர் பழக்க தோஷத்துல சொல்லிட்டாரு! நீங்களே இருங்க பாய்! எப்பவும் போல சொல்லுங்களேன்ய்யா எல்லாரும்!" என்று கத்தினேன். சிலர் சிரித்தார்கள். சரோஜாம்மா வருஷா வருஷம் கத்துகிறவள்தானே. என் வீட்டுக்காரர் முந்தானையைப் பிடித்து இழுத்தார். பின்வரிசையில் ஒரு பெண், "பாவம் ஆன்ட்டி, அவருக்கும் ஓய்வு வேணும்ல" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். மனசாரத் தட்டினார்கள், சிலர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள். அந்தக் கைகளை எல்லாம் பிடித்து முறிக்கலாம் போல இருந்தது எனக்கு.

"பாயே சொல்லட்டும். நீங்க சொல்லுங்க பாய், உங்களுக்குச் சம்மதந்தான?" என்று மைக்கை அவரிடம் நீட்டினார் அறிவுச்செல்வன்.

எனக்கு வேண்டும், என்னிடமே விடுங்கள் என்று கேட்கிற மனுஷரா அவர்? தன் வீட்டுக்குத் தண்ணீரைக்கூடக் கடைசியாக விட்டவர். "ரொம்ப சந்தோஷம்" என்றார். அவ்வளவுதான்.

சால்வை போட்டார்கள். மலைப் படம் போட்ட ஷீல்டு கொடுத்தார்கள். அப்புறம் சாவி. இடுப்பிலிருந்து கொத்தை எடுத்து அப்படியே இளஞ்செழியன் கையில் கொடுக்கப் போனார். "பாய், இதுல உங்க வூட்டுச் சாவியும் இருக்குதே" என்றான் அவன். வளையத்திலிருந்து அதை மட்டும் கழற்றப் பார்த்தார், விரல் வளையவில்லை. இளஞ்செழியனே கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தான். ஒற்றைச் சாவியை வைத்துக்கொண்டு பாய் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். டீ வந்துவிட்டது.

மறுநாள் காலையில் தொழுகை முடிந்து கேட்டைத் திறந்துகொண்டு பாய் தெருவுக்கு வந்தார். அதே நேரம். இரண்டடி நடந்திருப்பார், மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது. இளஞ்செழியன் செல்போனிலிருந்தே மோட்டாரைப் போடுகிற கருவி ஒன்றை ராத்திரியே மாட்டிவிட்டானாம். பாய் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தெரு நடுவில் நின்றார். அப்புறம் திரும்பி உள்ளே போய்விட்டார்.

அன்றைக்குத் தண்ணீரும் எங்கள் தெருவுக்கு முதலிலேயே வந்தது. எனக்கு அந்தத் தண்ணீரைப் பிடிக்கவே மனசு வரவில்லை.

நான் பயந்தபடியே ஆனது. கதவு திறப்பதே இல்லை. தட்டினால் திறப்பார், இட்லியை வாங்கிக்கொள்வார், மூடிக்கொள்வார். சாயங்காலம் தட்டு அப்படியே இருக்கும். தொழுகைக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டு வீட்டிலேயே தொழுதார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். டிவி ஓடாது, ஃபேன் ஓடாது. ஒரு வாரம் பார்த்துவிட்டு மெஹ்ஜபீனுக்குப் போன் பண்ணி, "இனிமே இங்க விட்டு வெச்சா நல்லதில்ல, வந்து கூட்டிகினு போ" என்றேன். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாள்.

புதன்கிழமை பொழுது சாயும் நேரம். கேட்டருகில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா போன பிறகும் அந்த நேரத்துக்கு அங்கே வந்து நிற்பது எனக்கு நிற்கவில்லை. எதிர்க் கேட் திறந்தது. பாய் தெருவைக் கடந்து வந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார்.

"சரோஜாம்மா, ஒரு கம்ப்ளெயின்ட் குடுக்கணும். யார்கிட்ட குடுக்கறது?"

"இன்னா கம்ப்ளெயின்ட் பாய்?"

"வாசல்ல லைட்டு இல்ல. வூட்ல சொல்லிக்கினே இருக்காங்க." மொட்டைக் கம்பத்தைத் திரும்பிப் பார்த்தார். "இப்ப நான் கேக்கலாம்ல? இப்ப யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்கல்ல?"

"யார் சொல்றான் பாக்கறேன்" என்றேன். அங்கேயே, அப்போதே இளஞ்செழியனுக்குப் போன் போட்டேன்.

"லைட்டா மேடம்? சங்க ரூம்ல ஒரு செட் சும்மாவே கெடக்குதே. இத ஏன் இத்தன நாளா யாரும் சொல்லல? நாளைக்கே போட்டுடறேன்" என்றான் அவன். பாய்க்கும் அது கேட்டது.

சொன்ன சொல் தவறாமல் மறுநாள் சாயங்காலம் எலெக்ட்ரீஷியன் மணி ஏணியோடு வந்தான். நான் அவனுக்கு டீ போட்டுக்கொண்டு வந்து மதில் மேல் வைத்தேன். பாய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மணி மேலே ஏறினான், இரண்டு கம்பியை முறுக்கினான், நாலு திருகு திருகினான், இறங்கினான். டீ ஆறவே இல்லை.

விளக்கு எரிந்தது. வெள்ளை வெளிச்சம் எங்கள் இரண்டு கேட்டிலும் விழுந்தது. அக்கா டார்ச்சோடு நிற்கிற இடத்தில், சிமென்ட்டில் இருந்த வெடிப்புகூடத் தெரிந்தது.

"அவ்ளோதானாப்பா?" என்றார் பாய்.

"அவ்ளோதான் பாய்" என்றான் மணி, டீயை எடுத்துக்கொண்டே.

"வேற ஒண்ணும் இல்லியா? ஆபீஸ்ல போய் எதுனா எழுதிக் குடுக்கணுமா?"

"ஒண்ணுமில்ல பாய். இனிமே இருட்டினா தானா எரியும்."

மணி ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். பாய் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் வாசல் வெடிப்பைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ரஹமத்து எத்தன வாட்டி கேட்டா சரோஜாம்மா?"

பூசி மெழுகிப் பேச எனக்கு வராது. "தெனமும் கேட்டாங்க பாய்" என்றேன்.

"அவ்ளோதானா" என்றார் மறுபடியும். கேட் படியில் உட்கார்ந்தார். அடக்கத்தன்றைக்கு அழாதவர், மழையில் நனைந்தது தெரியாதவர், சாவியைக் கொடுத்தபோதுகூட முகம் மாறாதவர், வாய்விட்டு அழ ஆரம்பித்தார். "ஒரு லைட்டு, ஒரே ஒரு லைட்டு" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அக்கம்பக்கத்தில் கதவுகள் திறந்தன. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதுவரை இருட்டாக இருந்த இடம், இப்போது எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

அழாதீங்க என்று நான் சொல்லவில்லை. தெருவைக் கடந்து போய் அந்தப் படியிலேயே, அக்கா நிற்கிற பக்கத்தை விட்டுவிட்டு, இந்தப் பக்கமாக உட்கார்ந்தேன்.